அப்பா பெயரில் ஒரு பட்டணம்

வந்தவாசிக்குப் போகிறவர்கள் அயனம்பாக்கத்திலிருந்து கிளம்புவதில்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுவார்கள், இல்லையென்றால் காஞ்சிபுரம் போய் மாறுவார்கள். நான் மட்டும் அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நான் தேடிப் போன குடும்பத்துக்கு இரண்டு இருப்பிடங்கள். அண்ணன் வந்தவாசியில், தம்பி பூந்தமல்லியில். தம்பி இருந்த ஊர் அயனம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்தே போய்விடுகிற தூரம். அந்த அண்ணன் தம்பி இருவரும் 1639இல் எடுத்த ஒரு முடிவால்தான் இன்றைக்குச் சென்னை என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் பெயர் அவர்களுடைய அப்பாவின் பெயர்.

இந்தப் பயணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவன் எங்கள் தெருப் பையன் ஒருவன். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறான், ஜப்பானிய மொழியும் படிக்கிறான். மின்சாரம் போன ஒரு ராத்திரி, மொட்டை மாடியில் உட்கார்ந்து தோக்குகாவா இயெயாசுவின் கதையை எனக்கு முழுதாகச் சொன்னான். சின்ன வயதிலேயே பணயப் பிள்ளையாக அடுத்தவர் கோட்டையில் வளர்ந்தவர். 1579இல், கூட்டாளி நொபுனாகாவுக்கு வந்த சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகத் தன் மனைவியைக் கொல்லவும், தன் மூத்த மகன் தன் கையாலேயே வயிற்றைக் கிழித்துச் சாகவும் உத்தரவிட்டவர். 1600இல் செகிகஹாராப் போரில் வென்றார். 1603இல் ஷோகன் ஆனார். இரண்டே வருடத்தில் பதவியை மகன் ஹிதெதாதா கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று ஆண்டார். 1615இல் ஒசாகா கோட்டையை வீழ்த்தி, முந்தைய ஆட்சியாளரின் ஒரே வாரிசையும் இல்லாமல் செய்தார். அடுத்த வருடம் செத்துப்போனார். அவர் குடும்பம் 1867 வரை ஜப்பானை ஆண்டது.

பையன் சொல்லி முடித்ததும், "அதே காலத்தில் நம்ம பூந்தமல்லியில் இருந்த பிரபுவைத் தெரியுமா?" என்று கேட்டேன். "பூந்தமல்லியில ராஜாவாண்ணா?" என்றான். அவன் மேல் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எந்தத் தெருமுனையிலும் ஒரு பலகை இல்லை. பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார வியாபாரியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இடம் கொடுத்தவர்களின் பெயர் வரலாற்றில் ஆர்வமுள்ள சிலருக்குத்தான் தெரியும். இது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

அந்தக் குடும்பத்தின் பெயர் தாமர்ல. காளத்தியைத் தலைமையிடமாகக் கொண்ட வேலமர்கள், தெலுங்கு பேசியவர்கள். அப்பா தாமர்ல சென்னப்ப நாயக்கர். விஜயநகரத்தின் ஆரவீட்டு வம்சத்தில் 1586 முதல் 1614 வரை ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயரின் படைத்தலைவர்களில் ஒருவர். அவருக்கு மகன்கள் பலர். வந்தவாசியில் இருந்த வேங்கடாத்ரி நாயக்கர், பூந்தமல்லியில் இருந்த அய்யப்ப நாயக்கர், கவிதை எழுதிய அங்க பூபாலர் ஆகிய மூவரும் நம் கதைக்கு வேண்டியவர்கள்.

காலையில் ஏரிக்கரைக்குப் போனேன். கரை மேல் நடைப்பயிற்சிக்காரர்கள் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். நீர்க்காகங்கள் ஒரு பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்திருந்தன. கரைச் சரிவில் குத்துக்காலிட்டு ஒரு பெரியவர் தூண்டில் போட்டிருந்தார். பக்கத்தில் காலி பெயின்ட் வாளி. அதில் உள்ளங்கை அகல ஜிலேபி மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கி, செவுளில் கட்டைவிரலைக் கொடுத்துக் கொக்கியைப் பக்குவமாகத் திருப்பி எடுத்தார். உதடு கிழியவில்லை.

"மதகு எங்கய்யா இருக்கு?" என்றேன்.

"அந்தாண்ட போ தம்பி. இப்ப அத்த தொறந்து இன்னா ஆவப்போவுது? முன்ன கீழ பூரா நெல்லு. எஸ்டேட்டு வந்துச்சு, ஊடு வந்துச்சு, நெல்லு போச்சு."

அம்பத்தூர் எஸ்டேட் வந்தது 1960களில். அதற்கு முன் இந்த வட்டாரம் முழுக்க ஏரிப்பாசனம். அயனம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், போரூர், செம்பரம்பாக்கம் என்று மழைநீரைப் பிடித்து வைக்கிற ஏரிகளை நம்பித்தான் ஊர்கள் இருந்தன. ஒரு நாயக்கரைப் புரிந்துகொள்ள இந்தக் கரையில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது. ராயர் ஒரு சீமையைக் கொடுப்பார். அந்தச் சீமையின் வருமானத்தில் நாயக்கர் இத்தனை குதிரை, இத்தனை யானை, இத்தனை காலாள் வைத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் படையோடு வர வேண்டும். மீதியில் ஒரு பங்கு ராயருக்குக் கப்பம். வருமானம் என்பது நெல், நெல் என்பது தண்ணீர், தண்ணீர் என்பது ஏரி. ஜப்பானில் ஒரு பிரபுவின் பெருமையை அவர் நிலத்தில் விளையும் அரிசியின் அளவை வைத்தே சொல்வார்கள். இங்கேயும் கணக்கு அதேதான். சென்னப்ப நாயக்கர் ஒரு பெரிய ஏரி வெட்டித் தன் பெயரைச் சேர்த்துச் சென்னசாகரம் என்று வைத்தார். நாயக்கர்கள் கோயில் கட்டியதைப் பேசுகிறோம், போர் செய்ததைப் பேசுகிறோம். ஏரி வெட்டியதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. இந்தப் பக்கத்து மண்ணுக்கு மூன்றில் மிக உதவியது அதுதான் என்பது என் எண்ணம்.

கரையிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோவில் வானகரம். ஏரிக்குத் தெற்கே கூவம் ஓடுகிறது. பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துகிறோமே, அதே ஆறுதான் கிழக்கே போய் ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே கடலைத் தொடுகிறது. பூந்தமல்லிப் பக்கத்துப் பிரபுவுக்கும் கடற்கரை மணல்திட்டுக்கும் நடுவில் இந்த ஆறு இருந்தது, அதை ஒட்டி ஒரு வழியும் இருந்தது. வானகரத்தில் நெடுஞ்சாலையில் ஏறினால் வேலப்பன்சாவடி. வலப்பக்கம் திரும்பினால் திருவேற்காடு, கருமாரியம்மன். திரும்பாமல் நேரே போனால் குமணன்சாவடி, கரையான்சாவடி. வழிப்போக்கர்கள் தங்கிப்போன சாவடிகள் ஊர்ப் பெயர்களாக வரிசையாக வருகின்றன. குமணன்சாவடியிலிருந்து தலைக்கு மேல் மெட்ரோ ரயிலின் தூண்களும் பாலமும் கூடவே வருகின்றன.

பூந்தமல்லி எப்போதும் வழிமேல் இருக்கிற ஊர். ட்ரங்க் ரோட்டில் நகைக்கடை, துணிக்கடை, பஸ் ஹாரன், கரும்புச்சாறு. உள்ளே திரும்பினால் சத்தம் பாதியாகி வரதராஜப் பெருமாள் கோயில். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. இங்கே தோட்டம் வைத்துப் பூத்தொடுத்துக் காஞ்சிபுரம் வரதருக்கு நாள்தோறும் சுமந்து போனார் என்பது ஐதீகம். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் ஒரு முழம் துளசி வாங்கிக்கொண்டு, "அய்யப்ப நாயக்கர்னு ஒருத்தர் இந்த ஊர்ல இருந்தாரும்மா, அவரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றேன்.

"அய்யப்பன் கோயிலா கண்ணு? இப்படியே நேராப் போய் யாரையாவது கேளு" என்றார்.

கோயிலுக்குள் போய் வந்து, நிழலில் உட்கார்ந்து கையோடு கொண்டுபோன குறிப்புகளைப் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த ஊரில் இருந்த அந்தத் தம்பி நாயக்கர் மேல் எனக்கு மதிப்பு கூடியது. அவர் முன்னால் இருந்த சிக்கல் இது. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள். ராயரின் ராணி ஒருவரிடம் அனுமதி வாங்கி 1610இல் வந்து இறங்கியவர்கள், 1613இல் கெல்ட்ரியா கோட்டையையும் எழுப்பிவிட்டார்கள். தெற்கே மயிலாப்பூர் சாந்தோமில் போர்த்துகீசியர்கள், அவர்களுக்கு முன்பே வேர்விட்டவர்கள். 1612இல் போர்த்துகீசியர்கள் பழவேற்காட்டுக்கே போய் டச்சுக்காரர்களைத் தாக்கினார்கள். இரண்டு பேருடைய சண்டையும் கடலோடு நிற்கவில்லை. துணி நெய்கிறவன், படகு விடுகிறவன், சுங்கம் வாங்குகிறவன் எல்லோரும் அதில் மாட்டினார்கள்.

அய்யப்ப நாயக்கர் நடுவில் மூன்றாவதாக ஒருவரை உட்கார வைக்க நினைத்தார். பழவேற்காட்டுக்கு வடக்கே துர்காராயப்பட்டணத்தில் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் சரியான சரக்குக் கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இங்கே வரும்படி தூது போனது. பிரான்சிஸ் டே வந்து பார்த்தார். துணி இருபது சதவீதம் மலிவாகக் கிடைக்கும் என்று மேலிடத்துக்கு எழுதினார். உரிமைப் பட்டயம் கொடுத்தது வந்தவாசியில் இருந்த அண்ணன் வேங்கடாத்ரி. 1639 ஆகஸ்ட் 22ஐத்தான் இப்போது சென்னை தினம் என்று கொண்டாடுகிறோம்.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு மகனான அங்க பூபாலர் தெலுங்கில் 'உஷாபரிணயம்' என்ற காவியம் எழுதி அதை அப்பாவுக்கே அர்ப்பணம் செய்தார். பழவேற்காட்டுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே, இரண்டு பரங்கியரும் அடித்துக்கொள்வதை நிறுத்துவதற்காக, அய்யப்பர் தன் தந்தை பெயரில் சென்னப்பட்டணத்தை நிறுவினார் என்று அதில் சொல்லப்படுகிறது. சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து பெயர் வந்தது என்பாரும் உண்டு. நான் அங்க பூபாலரின் பக்கம். அதை எழுதியவர் அய்யப்பரின் கூடப் பிறந்தவர், அர்ப்பணிக்கப்பட்டது பெற்ற அப்பாவுக்கு. வீட்டுக்குள் அப்படி ஒரு பொய்யைச் சொல்லத் தேவையில்லை.

பட்டயத்தில் வேங்கடாத்ரி நாயக்கர் கொடுத்தவை பெரியவை. இரண்டு வருடத்துக்குக் கடற்கரையில் இருந்த மதராசப்பட்டணத்தை நிர்வகிக்கும் உரிமை, துறைமுக வருமானத்தில் பாதி, கம்பெனிச் சரக்குக்குச் சுங்க விலக்கு, காசு அடிக்கும் உரிமை, கூடவே ஒரு கோட்டை. ஏன் இவ்வளவு கொடுத்தார் என்பதையும் டே தன் மேலிடத்துக்கு விளக்கியிருக்கிறார். தன் நிலம் செழித்துத் தான் பணக்காரன் ஆக வேண்டும் என்பது முதல் காரணம். பாரசீகத்து நல்ல குதிரைகளைத் தன் பணத்துக்கு வாங்கித் தர வேண்டும். வங்காளத்துக்கு ஆளனுப்பி வல்லூறு, குரங்கு, கிளி வாங்கிவர ஆங்கிலக் கப்பலில் இடம் தர வேண்டும். கடைசியாகச் சொல்லப்படுவதுதான் கனமானது. கோட்டை பலமாக எழுந்தால், தன்னை மதிக்காத அண்டை அயலார் எப்போதாவது திரண்டு வந்தால் அதற்குள் போய் உயிர் தப்பலாம்.

குதிரையும் கிளியும் கேட்ட ஒரு ஆசைக்காரர் மட்டும் இல்லை அவர். தூங்கும்போதும் வாசல் கதவைப் பார்த்தபடி தூங்க வேண்டிய ஒரு பிரபுவும்கூட. அந்த பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டுமானால் அப்பா காலத்துக்குப் போக வேண்டும்.

1614இல் இரண்டாம் வேங்கடபதி ராயர் வேலூரில் இறந்தார். அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசு என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அது ராணி ஒருத்தியின் சகோதரர் கொப்பூரி ஜக்கராயருக்குப் பிடிக்கவில்லை. ராணியின் பிள்ளை என்று சொல்லப்பட்ட ஒரு சிறுவனைப் பட்டத்துக்குக் கொண்டுவர நினைத்த அவர், புது ராயரையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே சிறைவைத்து, முடிவில் எல்லோரையும் கொன்றார். தப்பியது ஒரே ஒரு பிள்ளை. துணி வெளுக்கிறவர் ஒருவர் அழுக்குத் துணியோடு துணியாக அந்தப் பிள்ளையைக் கோட்டைக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார். வெளியே காத்திருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டவர் வேலுகோட்டி யாசம நாயக்கர். தாமர்ல குடும்பத்துக்குக் கொண்டான் கொடுத்தான் உறவு. தெற்கே அத்தனை நாயக்கர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். திருச்சிராப்பள்ளிக்கு அருகே தோப்பூரில் பெரும்போர் நடந்தது. ஜக்கராயர் களத்தில் விழுந்தார். ராம தேவன் என்ற அந்தப் பிள்ளை ராயர் ஆனான். இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே பர்ராதாஸ் என்ற பாதிரியார் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார்.

தம்பி நாயக்கரும் அண்ணன் நாயக்கரும் இந்தச் சண்டையை நன்றாக அறிந்திருப்பார்கள். சொந்தக் கோட்டைக்குள்ளேயே ஒரு ராஜகுடும்பம் அழிந்துபோனதை அறிந்தவர்களுக்கு, முதுகுக்குப் பின்னால் கடலும் உள்ளே பீரங்கியும் உள்ள ஒரு கோட்டை வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் பஸ். திருக்கச்சி நம்பி பூக்கூடையோடு நடந்த திசைதான். இப்போது பலவழியாக அகன்று, கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலை. ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் விடுதிகளின் வாசலில் ஜப்பானிய எழுத்துப் பலகைகள். எங்கள் தெருப் பையன் சுஷி தின்னக் கற்றுக்கொண்டதும் இந்தப் பக்கத்தில்தான். அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போகும்போது இரண்டு குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வருடங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். வேலூரில் ராயர் செத்து வாரிசுச் சண்டை தொடங்கிய 1614இல்தான் இயெயாசு ஒசாகாவை முற்றுகையிட்டார். இங்கே வாரிசுச் சண்டையில் அரசே உடைந்தது. அங்கே அந்தச் சண்டையோடு பிரபுக்களுக்கு இடையிலான போர்கள் ஓய்ந்தன. இயெயாசுவின் பேரன் இயெமித்சு 1635இல் ஒரு சட்டம் போட்டார். பிரபுக்கள் எல்லோரும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் தலைநகர் எதோவில் வந்து இருக்க வேண்டும், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் எப்போதும் எதோவிலேயே இருக்க வேண்டும். ஒரு பிரபு முறைத்தால் அவர் குடும்பம் ஷோகன் கைக்குள். வேலூரில் இருந்த ராயரால் அப்படி ஒரு ஏற்பாட்டைக் கனவில்கூட நினைக்க முடியாது. வேங்கடாத்ரி நாயக்கர் குடும்பத்தோடு தன் கோட்டையில், அய்யப்பர் தன் ஊரில். கப்பம் வந்தால் வரும், படை வந்தால் வரும்.

1639ஐ நினைத்தால்தான் உடம்பு சிலிர்க்கிறது. அதே வருடம் இயெமித்சு போர்த்துகீசியர்களை ஜப்பானை விட்டே துரத்தினார். 1641இல் டச்சுக்காரர்களை நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற குட்டித் தீவில் அடைத்தார். ஆங்கிலக் கம்பெனி அதற்கு முன்பே, 1623இல், ஹிராடோவில் இருந்த தன் பண்டகசாலையை நஷ்டத்தில் மூடிவிட்டு வெளியேறியிருந்தது. அங்கே கதவு மூடிய வருடத்தில் இங்கே பூந்தமல்லிக்காரர் கதவைத் திறந்தார். பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் வாங்கிய கோடுபோட்ட பருத்தித் துணி, சாந்தோமின் பெயராலேயே ஜப்பானில் விலைபோனது. துணி போக முடிந்த இடத்துக்கு அதை வாங்கி விற்றவர்களால் தாராளமாகப் போக முடியவில்லை.

இதை வைத்து அய்யப்பர் ஏமாந்துவிட்டார், இயெமித்சு கெட்டிக்காரர் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இயெமித்சுவுக்கு முன்னால் தாத்தா வென்று வைத்த ஒரு முழு நாடு இருந்தது. அய்யப்பருக்கு முன்னால் இருந்ததோ தள்ளாடும் ஒரு ராயர், வடக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கோல்கொண்டாப் படை, ஏற்கெனவே கரையில் கோட்டை கட்டிவிட்ட இரண்டு பரங்கிக் கூட்டங்கள். கதவு இல்லாத வீட்டில் கதவை மூடு என்றால் எதை மூடுவது? மூன்றாவதாக ஒருவனைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் சமன்படுத்துவது அன்றைக்கு நல்ல யோசனை.

காஞ்சிபுரத்தில் மதியச் சாப்பாடு. வந்தவாசி பஸ் ஊரைத் தாண்டிப் பாலாற்றுக்கு வந்தது. ஆறு அகலம், தண்ணீர் இல்லை, நாணல் மட்டும். பிறகு மாமண்டூர். மகேந்திரவர்மன் குடைந்த குகைகள் உள்ள குன்றும், அவன் காலத்திலிருந்து சித்திரமேக தடாகம் என்று பெயர்பெற்ற ஏரியும் இங்கே. பல்லவன் வெட்டிய ஏரிக்கு நாயக்கர் காலத்திலும் கரை போட்டுத்தான் நெல் விளைத்திருப்பார்கள். இன்றும் வயல் பச்சையாக இருக்கிறது. அயனம்பாக்கத்துப் பெரியவர் இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

வந்தவாசியில் இறங்கியதும் கோரைப்பாய்க் கடைகள். சுருட்டி நிறுத்திய பாய்களின் வாசனை தெருவுக்கே வருகிறது. கோட்டை எங்கே என்று கேட்டால் எல்லோரும் கையைக் காட்டுகிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கோட்டை என்றால் 1760 ஜனவரி 22, பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்த போர். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு முடிந்த களம் என்று புத்தகங்களில் வருவது இதுதான். எனக்கு வேண்டிய கோட்டை அதற்கும் 120 வருடம் முந்தையது. மிஞ்சியிருக்கிற கல் சுவரில் வேப்பங்கன்று முளைத்திருக்கிறது. அகழி இருந்த பள்ளத்தின் ஓரமாக நடந்தேன். சுவரின் ஓரிடத்தில் கற்களுக்கு நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி. சுண்ணாம்புக் காரை உதிர்ந்து, கல்லின் மேல் உளி பட்ட வரிகள் மட்டும் ஒழுங்காகச் சாய்ந்து தெரிகின்றன. யார் காலத்துக் கல்லோ, நான் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சென்னைக்கான பட்டயத்தைக் கொடுத்தவர் இந்த ஊரில் இருந்தவர்.

அதற்கப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1640 பிப்ரவரி 20 அன்று டேயும் அவருடைய மேலதிகாரி கோகனும் மதராசப்பட்டணத்தில் வந்து இறங்கினார்கள். கூட இருபத்தைந்து பேர் போல ஐரோப்பியச் சிப்பாய்கள், நாக பட்டன் என்ற வெடிமருந்துக்காரர், கொத்து வேலைக்காரர்கள். கோட்டைச் செலவுக்கு நாயக்கர் தருவார் என்று நம்பிய பணம் வரவில்லை. கம்பெனி தன் பணத்தில் கட்டியது. கோகனும் டேயும் பின்னால் அதற்காக லண்டனில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1642 அக்டோபரில் மூன்றாம் வேங்கட ராயர் இறந்தார். அடுத்து வந்த மூன்றாம் ஸ்ரீரங்க ராயருக்கும் வேங்கடாத்ரிக்கும் ஒத்துவரவில்லை. கோல்கொண்டாவோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி ராயர் அவரைச் சிறைபிடித்தார். உறவினர்கள் மீட்கப் படை திரட்டினார்கள். ஆனால் கடற்கரைச் சீமை குடும்பத்தின் கையைவிட்டு நழுவியது. டச்சுக்காரர்களோடு வியாபாரம் செய்துவந்த மலையச் செட்டியாரிடம் அதை ராயர் ஒப்படைத்தார். 1645இல் ஆங்கிலேயர்கள் ராயரிடமே நேராகப் போய்ப் புதிய பட்டயம் வாங்கிக்கொண்டார்கள். தாமர்லர்களின் கையெழுத்துக்கு அதன் பிறகு மதிப்பில்லை. அடுத்த ஓரிரு வருடங்களில் மீர் ஜூம்லாவின் கோல்கொண்டாப் படை வந்தது. ராயரும் போனார்.

ஆபத்தில் ஒளிந்துகொள்ள ஒரு இடம் என்று கேட்டுக் கட்டவிட்ட அந்தக் கோட்டை, கேட்டவருக்கு ஆபத்து வந்தபோது உதவியதாக ஒரு வரிகூட நான் படித்ததில்லை. எனக்கு இந்தக் கதையில் மனதைப் பிசைகிற இடம் இதுதான். ஒசாகாவில் எரிந்த கோட்டையைப் பற்றி எங்கள் தெருப் பையன் கண்கலங்கப் பேசினான். வந்தவாசிச் சுவர் பக்கத்தில் நிற்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பூந்தமல்லிக்கு மட்டும் மவுசு குறையவில்லை. கோல்கொண்டாவின் அதிகாரிகளும் அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள். கோல்கொண்டா அமைச்சர் அக்கண்ணாவின் உறவினரான லிங்கப்பா அங்கிருந்துகொண்டு 1680களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போகும் சரக்கை மறித்து ஆங்கிலேயர்களைத் திணறடித்தார். கோட்டைக்குள் எத்தனை பீரங்கி இருந்தாலும் அரிசியும் விறகும் துணியும் மேற்கே பூந்தமல்லி வழியாகத்தான் வர வேண்டும். அய்யப்ப நாயக்கர் அங்கே இருந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கடற்கரையை ஆள நினைப்பவன் கடற்கரையில் இருக்கத் தேவையில்லை, அதற்குச் சோறு போகிற வழியில் இருந்தால் போதும்.

தாமர்லர்கள் அழிந்துவிடவில்லை. காளத்திக்கே திரும்பி, நவாபு காலத்திலும் வெள்ளைக்காரன் காலத்திலும் காளத்தி ஜமீன்தார்களாக இருந்தார்கள். யாசமரின் வழிவந்தவர்கள் வேங்கடகிரி ராஜாக்கள். 1996இல் தமிழக அரசு மெட்ராஸைச் சென்னை என்று மாற்றியபோது, அப்பாவின் பெயர் ஒரு மாநிலத் தலைநகரின் முகவரியில் நிலைத்தது. மகன் அய்யப்பரின் பெயரைத்தான் நான் எங்கும் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் பூந்தமல்லி நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். பஸ் நிலையத்தில் ஒரு கல்வெட்டு வைக்கக் கேட்டிருக்கிறேன். அதில் என்ன இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்: தாமர்ல அய்யப்ப நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் இந்த ஊரில் இருந்தார், தந்தை சென்னப்ப நாயக்கர், தமையன் வந்தவாசி வேங்கடாத்ரி நாயக்கர், சகோதரர் 'உஷாபரிணயம்' பாடிய அங்க பூபாலர், பழவேற்காட்டுக்கும் மயிலாப்பூருக்கும் இடையே தந்தை பெயரில் ஒரு பட்டணம் அமைத்தவர். அதையே ஜப்பானிய மொழியில் எழுதித் தருவதாக எங்கள் தெருப் பையன் சொல்லியிருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ்கள் அந்த வழியாகத்தான் போகின்றன.